சப் ஜில்லா பதக்கமும் சந்தோஷ் டிராபி கனவும்: பள்ளி விளையாட்டில் பெற்றோர் எதை எதிர்பார்க்கலாம்?

திருவனந்தபுரம்: கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ள திருப்புறம், குளத்தூர், செங்கல், காரோடு, பாறசாலை ஆகிய ஊர்களில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்கான பருவம் தொடங்கியதும் வீட்டுப் பேச்சின் போக்கு மாறிவிடுகிறது. பள்ளி அளவில் முதலிடம் பெற்ற மகனுக்கு ஸ்பைக்ஸ் வாங்கித் தருவதா, மகளை விளையாட்டு விடுதியில் சேர்ப்பதா, பத்தாம் வகுப்பில் டியூஷனைக் குறைத்துவிட்டுப் பயிற்சிக்கு அனுப்புவதா என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி. இந்தப் பிள்ளை விளையாட்டால் எதுவரை போகும்?

நாட்டின் பிற பகுதிகளில் இக்கேள்வி பெரும்பாலும் தொலைக்காட்சியில் தெரியும் நட்சத்திரங்களை மனத்தில் வைத்து எழுவது. திருப்புறம் பகுதியில் அப்படியில்லை. இவ்வூருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பொழியூர் என்ற மீனவக் கிராமம், கேரள அணிக்குத் தொடர்ந்து கால்பந்து வீரர்களை அளித்ததால் 'சந்தோஷ் டிராபி கிராமம்' என்றே மலையாள ஊடகங்களில் அழைக்கப்படுகிறது. எல்லையைக் கடந்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி, இரவிபுத்தன்துறை, தூத்தூர் என அதே கடற்கரையில் கால்பந்து ஊறிய ஊர்கள் வரிசையாக உள்ளன. பக்கத்து ஊர்க்காரரின் மகன் மாநில அணிக்கு ஆடியதைக் கண்ணால் கண்ட பெற்றோரிடம், இது நடக்காத காரியம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. நடக்கிறது, ஆனால் எத்தனை பேருக்கு, எந்த அளவுக்கு, என்ன விலையில் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மேலே போகப் போகக் குறுகும் படிகள்

கேரளத்தில் பள்ளி விளையாட்டு பள்ளி, கல்வித் துணை மாவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம் என்ற படிகளில் நடைபெறுகிறது. துணை மாவட்டத்தை ஊர் மக்கள் 'சப் ஜில்லா' என்பார்கள். திருவனந்தபுரம் வருவாய் மாவட்டத்தில் மட்டும் நெய்யாற்றின்கரை, பாறசாலை, பாலராமபுரம், காட்டாக்கடை உள்ளிட்ட 12 துணை மாவட்டங்கள் உள்ளன. மாநிலம் முழுவதும் இந்த எண்ணிக்கை 160-ஐத் தாண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 வயதுக்கு உட்பட்ட மாணவியருக்கான 100 மீட்டர் ஓட்டத்தில் சப் ஜில்லா அளவில் முதலிடம் பெறுபவர்கள் ஆண்டுக்கு 160 பேருக்கு மேல். அவர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரில் மிக வேகமான சிறுமிகள். ஒவ்வொருவரின் வீட்டிலும் அன்று மாலை இனிப்பு வாங்கப்பட்டிருக்கும். மாநிலப் போட்டியில் பதக்கம் பெறுவோர் 3 பேர். ஏறத்தாழ 50 சப் ஜில்லா வெற்றியாளர்களுக்கு ஒரு மாநிலப் பதக்கம் என்பதே இதன் பொருள். தேசியப் போட்டிக்குச் செல்வோர் அங்கே பிற மாநிலங்களின் முதல் வரிசையினரை எதிர்கொள்கிறார்கள்.

நாடு முழுவதற்கும் இக்கணக்கை விரித்தால் படி மேலும் குறுகுகிறது. மத்திய அரசின் கல்வித் தகவல் தொகுப்பின்படி 2023-24 கல்வியாண்டில் இந்தியப் பள்ளிகளில் பயின்ற மாணவர்கள் சுமார் 24.8 கோடி பேர். 'கேலோ இந்தியா' திட்டத்தின் கீழ் அடையாளம் காணப்பட்டு, ஆண்டுக்கு 6.28 லட்சம் ரூபாய் மதிப்பிலான உதவியைப் பெறும் வீரர், வீராங்கனையர் 3,000 பேருக்கும் சற்றுக் குறைவு. அந்த உதவியில் மாதம் 10,000 ரூபாய் கைச்செலவுத் தொகையும் அடங்கும். அதாவது 80,000 மாணவர்களுக்கு ஒருவர் என்ற விகிதம்கூட எட்டப்படவில்லை. இது திட்டத்தின் குறை என்று சொல்வதற்கில்லை. உச்சத்தை நோக்கிய எந்த ஏற்பாடும் இப்படித்தான் இருக்கும். ஆனால் மகன் சப் ஜில்லாவில் வென்ற மறுநாளே 'இனி அரசு பார்த்துக்கொள்ளும்' என்று நினைக்கும் பெற்றோர் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பொழியூர் சொல்லும் கணக்கு

2018 ஏப்ரல் 1-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடைபெற்ற சந்தோஷ் டிராபி இறுதி ஆட்டத்தில் மேற்கு வங்கத்தை வீழ்த்தி கேரளம் கோப்பையைக் கைப்பற்றியது. கூடுதல் நேரம் முடிந்தபோது ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் இருந்தது. டைபிரேக்கரில் 4-2 என்ற கணக்கில் கேரளம் வென்றது. டைபிரேக்கரில் பந்தை வலைக்குள் அனுப்பியவர்களில் பொழியூரைச் சேர்ந்த சீசனும் ஒருவர். 13 ஆண்டுகளுக்குப் பிறகு கேரளத்துக்குக் கிடைத்த கோப்பை அது.

அந்த வெற்றிக்குப் பின் நடந்ததுதான் நமது பொருளுக்கு நெருக்கமானது. அணியில் வேலை இல்லாதிருந்த 11 வீரர்களுக்கு அரசுப் பணி வழங்குவதாக மாநில அரசு அறிவித்தது. அவர்களுக்குப் பொதுக்கல்வித் துறையில் எழுத்தர் பணி அளிக்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைமையான கால்பந்துக் கோப்பைகளில் ஒன்றை வென்ற மாநில அணியிலேயே 11 பேர் அதுவரை நிலையான வருமானம் இல்லாதவர்களாக இருந்தார்கள் என்பதையும், அவர்களுக்குக் கிடைத்த பரிசு ஓர் எழுத்தர் நாற்காலி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதைக் கேட்டு ஏமாற்றம் அடைபவர்கள் நகரத்துக்காரர்களாக இருப்பார்கள். கடலில் மீன்பாடு குறைந்த ஆண்டுகளைக் கண்ட குடும்பத்துக்கு, மாதச் சம்பளம் தரும் அரசு வேலை என்பது கோப்பையைவிடப் பெரியது.

முந்தைய தலைமுறைக்கு இந்த வழி இன்னும் அகலமாக இருந்தது. கேரள போலீஸ், மாநில மின்வாரியம், திருவிதாங்கூர் டைட்டானியம், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் ஆகியவை கால்பந்து அணிகளை நடத்தி, நன்கு ஆடும் இளைஞர்களைப் பணியில் அமர்த்தின. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயன் கேரள போலீஸ் அணியில் சேர்ந்து, இந்திய அணியின் தலைவராகி, 2025-இல் போலீஸ் துறையிலிருந்து அதிகாரியாக ஓய்வு பெற்றதும், அதே ஆண்டில் பத்மஸ்ரீ விருதுக்குத் தேர்வானதும் இந்த வழியில்தான். கேரள போலீஸ் அணி 1990, 1991 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெடரேஷன் கோப்பையை வென்ற காலம் அது. பின்னர் அத்தகைய நியமனங்கள் குறைந்தன. ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் 2017-இல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. இன்று விளையாட்டு ஒதுக்கீட்டில் கேரள அரசு நிரப்பும் பணியிடங்கள் ஆண்டுக்கு 50. எல்லா விளையாட்டுகளுக்கும், எல்லா மாவட்டங்களுக்கும் சேர்த்து இந்த 50 என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லைக்கு அப்பால் இரவிபுத்தன்துறையைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜின் பயணம் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. மீனவக் குடும்பத்திலிருந்து வந்த அவர் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் அணிகளில் சிறந்து விளங்கி, இந்திய அணிக்கும் ஆடி, 2019-20 பருவத்தில் ஐஎஸ்எல் கோப்பையை வென்ற ஏடிகே அணியிலும் இடம்பெற்றார். அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் 2020 நவம்பர் 20-ஆம் தேதி கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக நடைபெற்றது. ஆட்டம் தொடங்கிய கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் காயம். அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. பின்னர் அவர் மீண்டும் களம் கண்டார் என்பது உண்மையே. ஆனால் தொழில்முறை ஒப்பந்தமும் நிபுணர் மருத்துவமும் கைவசம் உள்ள ஒருவருக்கே ஒரு காயம் இவ்வளவு காலத்தை எடுத்துக்கொள்கிறது. 15 வயதில் பள்ளி மைதானத்தில் அதே காயத்தை அடையும் சிறுவனுக்கு அறுவைச் சிகிச்சைச் செலவு யாருடையது என்ற கேள்வி, விடுதியில் சேர்க்கும் நாளில் எந்தப் பெற்றோரும் கேட்காதது. கேட்க வேண்டியது.

கிரேஸ் மார்க்: கைக்கு எட்டும் பலன்

ஒலிம்பிக் பதக்கத்துக்கும் ஒன்றுமில்லாமைக்கும் நடுவே பள்ளி விளையாட்டு தரும் பலன்கள் உள்ளன. பெற்றோரின் எதிர்பார்ப்பு நிலைகொள்ள வேண்டிய இடம் இதுவே. கேரளத்தில் எஸ்எஸ்எல்சி, பிளஸ் டூ பொதுத் தேர்வுகளில் விளையாட்டுச் சாதனைக்காகக் கூடுதல் மதிப்பெண் வழங்கப்படுகிறது. 'கிரேஸ் மார்க்' என்றே அனைவரும் இதைக் குறிப்பிடுகிறார்கள். 2023-இல் திருத்தியமைக்கப்பட்ட முறையின்படி சர்வதேசப் போட்டியில் முதலிடத்துக்கு 100, தேசியப் போட்டியில் முதலிடத்துக்கு 50, மாநிலப் போட்டியில் முதலிடத்துக்கு 20 எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. இவை தவிர பிளஸ் ஒன் சேர்க்கையில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடங்களும் உள்ளன. அவற்றுக்குச் சான்றிதழ்களை மாவட்ட விளையாட்டு கவுன்சிலில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும்.

கிரேஸ் மார்க்குக்காக விளையாடுவது இழிவானது என்று சில ஆசிரியர்கள் கருதுவதுண்டு. இக்கருத்தை ஏற்பதற்கில்லை. டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் போட்டிகளில் இந்திய ஹாக்கி அணிக்கு வெண்கலம் பெற்றுத் தந்த கோல் காப்பாளர் பி.ஆர். ஸ்ரீஜேஷ், பொதுத் தேர்வில் கிடைக்கும் கூடுதல் மதிப்பெண்ணும் தம்மை ஹாக்கிக்கு இழுத்த காரணங்களில் ஒன்று என்று நேர்காணல்களில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எர்ணாகுளம் மாவட்டம் கிழக்கம்பலத்தைச் சேர்ந்த விவசாயியின் மகனான அவர், 12 வயதில் திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளிக்கு வந்தார். அப்போது அவர் ஹாக்கி மட்டையைத் தொட்டவர் அல்லர். ஓட்டம், நீளம் தாண்டுதல், கைப்பந்து ஆகியவற்றை முயன்ற பிறகே பயிற்சியாளர்களின் யோசனையால் கோல் காப்பாளரானார். மகனுக்குக் காப்புக் கவசங்கள் வாங்க அவருடைய தந்தை பசுவை விற்றார் என்பது பலமுறை எழுதப்பட்ட செய்தி.

அந்தப் பசுவின் கதையை மட்டும் எடுத்துக்கொண்டு, விற்றால் பலன் கிடைக்கும் என்று முடிவு கட்டுவோர் பலர். அதே ஆண்டுகளில் அதே நம்பிக்கையோடு எதையாவது விற்று, பின்னர் செய்தியில் இடம்பெறாமல் போன தந்தையரின் கதைகள் நமக்கு வந்து சேர்வதில்லை. ஸ்ரீஜேஷின் கதையில் கவனிக்க வேண்டியது வேறு: 12 வயதில் அவர் எந்த ஒரு விளையாட்டிலும் கட்டிப்போடப்படவில்லை, பள்ளி அவரைப் பலவற்றில் முயலவிட்டது, கூடுதல் மதிப்பெண் என்ற சிறிய, உறுதியான பலனும் கண்முன் இருந்தது.

உறுதியானது என்றாலும், அந்தப் பலனும் அரசாணையைச் சார்ந்தது. கரோனா காலத்தில் போட்டிகள் நடைபெறாததால் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் கிரேஸ் மார்க் வழங்கப்படவில்லை. அவ்விரு ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு எழுதியவர்கள், எட்டாம் வகுப்பிலிருந்து பயிற்சி பெற்றிருந்தாலும், அந்த மதிப்பெண்ணை இழந்தார்கள். கிரேஸ் மார்க்கை நம்பிப் பாடத்தை விட்டுவிடலாகாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை.

எந்தச் சான்றிதழ் செல்லும்?

வீட்டுச் சுவரில் தொங்கும் பதக்கங்களின் எண்ணிக்கையும், வேலைக்கோ கல்லூரிச் சேர்க்கைக்கோ செல்லும் சான்றிதழ்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கான விதிகள் இதைத் தெளிவாக்குகின்றன. நாட்டுக்காகச் சர்வதேசப் போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 1, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியவர்களுக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் ஆடியவர்களுக்குப் படிவம் 3, மாநிலப் பள்ளி அணிக்காகத் தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ஆடியவர்களுக்குப் படிவம் 4 என்று சான்றிதழ்கள் வகுக்கப்பட்டுள்ளன. சப் ஜில்லா வெற்றிக்கோ மாவட்ட வெற்றிக்கோ இவற்றில் இடமில்லை.

இந்த இடைவெளியில்தான் ஏமாற்று வேலைகள் நுழைகின்றன. 'தேசிய சாம்பியன்ஷிப்', 'இந்தோ-நேபாள சர்வதேசப் போட்டி' என்ற பெயர்களில் நுழைவுக் கட்டணமும் பயணச் செலவும் பெற்றுக்கொண்டு, ஏறத்தாழ வந்தவர்களுக்கெல்லாம் பதக்கமும் சான்றிதழும் வழங்கும் அமைப்புகள் நாடெங்கும் உள்ளன. ஊரில் வரவேற்புப் பதாகை வைக்கப்படும். செய்தித்தாளில் படமும் வரும். ஓரிரு ஆண்டுகள் கழித்து விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்த அமைப்பு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரப் பட்டியலில் இல்லை என்பது தெரியவரும். பணம் கட்டும் முன் போட்டியை நடத்தும் சங்கத்துக்கு மாநில விளையாட்டு கவுன்சிலின் அங்கீகாரமும், தேசியச் சம்மேளனத்துக்கு அமைச்சகத்தின் அங்கீகாரமும் உண்டா என்று மாவட்ட விளையாட்டு கவுன்சில் அலுவலகத்தில் கேட்டுவிட்டால் போதும். கட்டணமில்லாத இந்த ஒரு விசாரணை பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும்.

எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1956-இல் விளவங்கோடு தாலுகா தமிழகத்துடன் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. ஆனால் உறவுகளும் பேச்சும் அன்றாடப் போக்குவரத்தும் கோட்டின் இருபுறமும் தொடர்கின்றன. களியக்காவிளையில் வீடு, பாறசாலையில் பள்ளி என்பதும், அதன் மறுதலையும் இங்கே இயல்பு. பள்ளி விளையாட்டில் மாணவர் எந்த மாநிலத்துப் பள்ளியில் பயில்கிறாரோ அந்த மாநிலத்துக்கே ஆடுவார். சலுகைகளோ இரு மாநிலங்களிலும் வெவ்வேறு. தமிழகத்தில் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களும் அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கீடும் உள்ளன. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாநில அளவில் தனிநபர் முதல் பரிசு 1 லட்சம் ரூபாய். கேரளத்தில் கிரேஸ் மார்க்கும் பிளஸ் ஒன் ஒதுக்கீடும் உள்ளன. பிளஸ் ஒன்னுக்குப் பள்ளியை மாற்றும்போது, ஒரு மாநிலத்தில் ஈட்டிய சான்றிதழுக்கு மறு மாநிலத்தில் என்ன மதிப்பு என்பதை மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும்.

ஜனவரியில் பிறந்த குழந்தைகள்

சிறு வயது வெற்றியைப் பெற்றோர் தவறாகப் புரிந்துகொள்ள உடல் வளர்ச்சியும் ஒரு காரணம். பள்ளிப் போட்டிகளின் 14, 17, 19 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுகள் ஜனவரி 1-ஐ எல்லையாகக் கொண்டவை. ஒரே ஆண்டில் ஜனவரியில் பிறந்த சிறுவனும் டிசம்பரில் பிறந்த சிறுவனும் ஒரே பிரிவில் ஓடுவார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓர் ஆண்டு வளர்ச்சி வேறுபாடு. 13 வயதில் அது உயரத்திலும் எடையிலும் வெளிப்படையாகத் தெரியும்.

கனடாவில் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்து 1985-இல் உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட கட்டுரை இதை உலகுக்கு எடுத்துக்காட்டியது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுதியாகவும் கடைசி மாதங்களில் பிறந்தோர் குறைவாகவும் இருந்தனர். சற்று மூத்த சிறுவன் பெரியவனாக இருப்பதால் தேர்வாகிறான். தேர்வானதால் நல்ல பயிற்சி பெறுகிறான். அதனால் மேலும் சிறக்கிறான். இளைய சிறுவன் திறமை இல்லாதவன் என்று ஒதுக்கப்படுகிறான். இதே வேறுபாடு பின்னர் பல நாடுகளில் கால்பந்திலும் கண்டறியப்பட்டது.

எனவே ஏழாம் வகுப்பில் எல்லோரையும் தோற்கடிக்கும் சிறுவன் முன்னதாகப் பருவம் எய்தியவனாக மட்டுமே இருக்கலாம்; மற்றவர்கள் வளர்ந்ததும் அவனுடைய முன்னிலை கரைந்துபோகும். அப்போது 'நீ உழைக்கவில்லை' என்று அவனைக் கடிந்துகொள்வது அநியாயம். மறுபுறம், ஏழாம் வகுப்பில் கடைசியாக வந்தவன் பிளஸ் ஒன்னில் வேறொருவனாக நிற்கக்கூடும். 14 வயதில் எந்த முடிவும் இறுதி முடிவு அல்ல.

பயிற்சியின் அளவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் முழுமையாக இறங்குவதை 15 அல்லது 16 வயது வரை தள்ளிப்போடுவதே பெரும்பாலான விளையாட்டுகளில் நல்லது என்றது. வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு, ஆண்டில் மொத்தமாகச் சில மாதங்கள் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருத்தல் ஆகியவற்றையும் பரிந்துரைத்தது. விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தி முதலியோரின் ஆய்வு, வாரத்தில் பயிற்சி மணி நேரம் குழந்தையின் வயதைத் தாண்டினால் மிகைப் பயன்பாட்டுக் காயங்கள் கூடுவதைக் காட்டியது. 12 வயதுச் சிறுமிக்கு வாரம் 12 மணி நேரம் என்ற கணக்கு எளிதில் மனத்தில் நிற்கும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், வாரம் ஆறு நாள் என்ற வழக்கமான அட்டவணை அதைப் போல் இரு மடங்கு.

இல்லாதவர் கையில் பெரிய கனவு

அமெரிக்காவில் 2015-இல் தேசிய பொது வானொலி, ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளை, ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி ஆகியவை சேர்ந்து ஒரு கருத்துக்கணிப்பு நடத்தின. உயர்நிலைப் பள்ளியில் விளையாடும் பிள்ளைகளின் பெற்றோரில் 26 விழுக்காட்டினர் தம் பிள்ளை தொழில்முறை வீரராக வேண்டும் என்று நம்பினர். ஆண்டு வருமானம் 50,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களில் இது 39 விழுக்காடு. பள்ளிப் படிப்போடு நின்ற பெற்றோரில் 44 விழுக்காடு. கல்லூரிப் பட்டம் பெற்றோரில் 9 விழுக்காடு மட்டுமே. அந்நாட்டில் பள்ளி வீரர்களில் கல்லூரி விளையாட்டு உதவித்தொகை பெறுவோரே ஏறத்தாழ 2 விழுக்காடுதான். தொழில்முறைக்குச் செல்வோர் அதனினும் மிகக் குறைவு.

இந்த எண்களைக் காட்டி, படிக்காத பெற்றோருக்கு நடைமுறை தெரியவில்லை என்று சொல்வோர் உண்டு. வேறு விதமாகவும் இதைப் படிக்கலாம். மருத்துவப் படிப்புக்கான பயிற்சிக் கட்டணமும் வெளிநாட்டுப் படிப்புக்கான கடனும் எட்டாத வீட்டில், பிள்ளையின் காலும் நுரையீரலும் மட்டுமே முதலீடு செய்யக் கூடிய சொத்து. வேறு கதவுகள் மூடியிருக்கும்போது திறந்திருப்பதாகத் தோன்றும் ஒரே கதவின் மீது நம்பிக்கை முழுவதும் குவிகிறது. பொழியூர் கடற்கரைக்கும் இது பொருந்தும். திருப்புறத்தின் செங்கற் சூளை, கட்டுமானத் தொழிலாளர் வீடுகளுக்கும் பொருந்தும். ஆகவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையால் அங்கே பயனில்லை. சரியான படியை, அதாவது மாநிலப் போட்டி, செல்லத்தக்க சான்றிதழ், ஒதுக்கீட்டு இடம், அரசுத் துறை அணி என்ற படிகளை அடையாளம் காட்டுவதே உதவும்.

பெண் குழந்தைகளின் நிலை நேர்மாறானது. அங்கே சிக்கல் மிகையான நம்பிக்கை அல்ல, குறைவான நம்பிக்கை. எட்டாம் வகுப்பு வரை சப் ஜில்லாவில் ஓடிய மாணவி, பருவம் எய்தியதும் உடை, வெளியூர்ப் பயணம், வெயிலில் நிறம் மாறுதல் ஆகிய காரணங்களால் நிறுத்தப்படுவது இன்றும் நடக்கிறது. 1976-இல் கேரள அரசு கண்ணூரில் மாணவியருக்கான விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியபோது, மாதம் 250 ரூபாய் உதவித்தொகையுடன் அங்கு சேர்ந்த சிறுமியரில் பி.டி. உஷாவும் ஒருவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நொடியில் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் அவர் வெண்கலத்தை இழந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று அந்த விடுதிக்குத் தம் மகளை அனுப்பச் சம்மதித்த பெற்றோரின் முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 250 ரூபாய் உறுதியாகக் கிடைக்கும், தங்குமிடமும் உணவும் உண்டு என்பது அந்தச் சம்மதத்துக்கு வலுச் சேர்த்திருக்கும். சிறிய, நிச்சயமான உதவி பெரிய கனவுக்கு வாசலாவது இப்படித்தான்.

மைதானம் எங்கே?

பெற்றோரின் கவனம் பெரும்பாலும் தம் பிள்ளையின் மீதே நிற்கிறது. பள்ளியின் மீது செல்வதில்லை. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி. குஞ்ஞிகிருஷ்ணன் வழங்கிய தீர்ப்பில், விளையாட்டு மைதானம் கல்வியின் பகுதி என்றும், விதிப்படி மைதானம் இல்லாத பள்ளிகள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் மூடவும் வேண்டும் என்றும் கூறப்பட்டது. எந்த வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு எவ்வளவு பரப்பு வேண்டும் என்ற வழிகாட்டுதலை நான்கு மாதங்களில் வகுக்கவும் அரசுக்கு உத்தரவிடப்பட்டது. கேரளக் கல்வி விதிகளில் மைதானம் குறித்த விதி முன்பே இருந்தும் இவ்வளவு தூரம் செல்ல நேர்ந்தது. உடற்கல்வி ஆசிரியர் பணியிடமும் மாணவர் எண்ணிக்கையையும் பாடவேளைகளையும் பொறுத்து அமைவதால், சிறிய பள்ளிகளுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

தனிப் பயிற்சியாளருக்கு மாதக் கட்டணம் செலுத்தும் பெற்றோரில் எத்தனை பேர் பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து, 'நம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் உண்டா, உடற்கல்விப் பாடவேளையில் கணக்குப் பாடம் நடத்தப்படுகிறதா' என்று கேட்டிருப்பார்கள்? அந்தக் கேள்வியால் மாநிலப் பதக்கம் வராமல் போகலாம். ஆனால் பதக்கம் பெறாத நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கும் ஓடுவதற்கு இடம் கிடைக்கும். சப் ஜில்லாவுக்குத் தேர்வாகும் பிள்ளையும் அவர்களிடையேதான் உருவாகிறது.

பொழியூரில் முறையான புல்தரை மைதானத்தில் தொடங்கியவர்கள் குறைவு. கடற்கரை மணலில், மாலையில் வள்ளங்கள் கரையேறிய இடத்தில் பந்தாடியவர்களே பின்னர் மாநிலச் சட்டையை அணிந்தார்கள். ஆழ்ந்த மணலில் ஓடிப் பழகிய கால்களுக்குக் கெட்டித் தரை எளிது என்பார்கள் அக்கரையோரத்தில். கொல்லங்கோடு, பொழியூர்ப் பகுதியில் கடலரிப்பால் வீடுகளை இழந்த குடும்பங்கள் இடம்பெயர்ந்துள்ளன. பந்தாடிய அந்த மணற்பரப்பும் ஒவ்வொரு பருவமழையின்போதும் சுருங்கி வருகிறது.